சுளகு என்றொரு சொல்

அந்தச் சொல் இன்றைக்கும் வரவில்லை. ஞானசவுந்தரி அடுக்களைக்குப் பின்னால் முருங்கை நிழலில் பலகை போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்ததும் சருகுமாகத் தட்டு நிறைந்துவிட்டது. இனி அதில் கொட்டி இரண்டு புடை புடைத்தால் சருகெல்லாம் பறந்து வெங்காயம் மட்டும் மினுமினுவென்று நிற்கும், அதில் என்றால் எதில், அதோ அடுக்களைச் சுவரில் ஆணியில் தொங்குகிறதே, அதில். அதன் பேர் சுளகு. நாம் சொல்லிவிட்டோம், நமக்கென்ன, நம் நாக்கு நம் வாயில் இருக்கிறது, அவளுக்கு வந்தால்தானே. மூங்கில் வருகிறது, ஓரத்தில் கட்டிய பிரம்பு வருகிறது, காகிதக் கூழோடு வெந்தயம் அரைத்துப் பூசிக் காயவைப்பது வருகிறது, யானையின் காது வருகிறது, புடைக்கும்போது கேட்கும் சர்ரக் சர்ரக் என்ற சத்தம்கூடக் காதில் அப்படியே வருகிறது. பேர் மட்டும் இல்லை. பேர் இருந்த இடத்தில் பல் விழுந்த ஈறு மாதிரி ஒரு வழுவழுப்பு, நாக்கு அங்கேயே போய்ப் போய்த் தடவிப் பார்க்கிறது. கூடையா, கூடை ஆழமாக இருக்கும். சல்லடையா, சல்லடைக்கு ஓட்டை உண்டு. பெட்டியா, தட்டா, சீ, தட்டு இதோ மடியில் இருக்கிறது. கூப்பிடாதவர்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறார்கள், கூப்பிட்ட ஆளைக் காணோம். முதல் எழுத்து ஒன்று தெரிந்தால் போதும், பாவாடைக்குள் போய்விட்ட நாடாவை நுனி பிடித்து இழுக்கிற மாதிரி மீதியை இழுத்துவிடலாம். நுனி கிடைக்கவில்லை. விழுப்புரம் பக்கம் இருந்தபோது அடுத்த வீட்டுக்காரி இதற்கு வேறொரு பேர் சொன்னாள், இவள் தன் பேரைச் சொன்னாள், ஒருத்தி பேரைக் கேட்டு ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நினைவிருக்கிறது, அவளுடைய மூக்குத்தி நினைவிருக்கிறது, இரண்டு சொல்லும் போய்விட்டன.

கண் எரிந்தது. வெங்காயம் உரிக்கிறவள் அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மூன்று பேருக்குச் சமைக்க இத்தனை வெங்காயம் எதற்கு என்று கேட்டால் அதற்குத்தான் பதில் தேட வேண்டியிருக்கும். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் வேதமாணிக்கம் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். அவளுடைய கணவர், சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் மாஸ்டராக இருந்து, ஓய்வு பெற்று, பாளையங்கோட்டையில் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர். “கோவில்பட்டி தாண்டிட்டாளாம்,” என்றார். “பஸ்ஸு நல்லா வருதாம்.” “வரட்டும்,” என்றாள் சவுந்தரி. மகள் வருகிறாள். மதுரையில் ஒரு காலேஜில் கணக்குப் பாடம் எடுக்கிற மகள், ஈஸ்டருக்கு வந்துவிட்டுப் போனவள் இப்போதுதான் வருகிறாள். வந்தால் சனி ஞாயிறு இருப்பாள், இரண்டு நாளும் முகத்துக்கு முகம். போனில் சமாளிப்பது வேறு, போனில் இருமலாம், அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிடலாம். நேரில் எங்கே ஓடுவது? அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போவாள், டாக்டர் இதற்கு ஒரு பேர் சொல்வார், அந்தப் பேர் சவுந்தரிக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை மலரில் படித்திருக்கிறாள். எத்தனையோ நல்ல சொல்லெல்லாம் போயும் அந்தச் சனியன் பிடித்த சொல் மட்டும் போகமாட்டேன் என்கிறது. அப்புறம் எல்லாரும் அவளை வேறு மாதிரிப் பார்ப்பார்கள். சத்தம் போட்டு, மெதுவாக, பச்சைப்பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசுவார்கள். அழகி என்று அவளை யாரும் சொன்னதில்லை, பாட்டு வராது, சமையலும் சுமார்தான். வாயைத் திறந்தால் சொல் வந்து விழும், அது ஒன்றுதான் சவுந்தரி. அதையும் எடுத்துவிட்டால் இந்தப் பலகையில் உட்கார்ந்திருப்பது யார்? இதை நினைத்தபோது நிஜமாகவே பயமாக இருந்தது. கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படிப்பு என்று பார்த்தால் பள்ளிக்கூடத்தோடு சரி. கல்யாணமாகி வந்து இறங்கியது நாரைக்கிணறு ஸ்டேஷனில், குவார்ட்டர்ஸைச் சுற்றி வெயிலும் உடைமரமும்தான். படிக்க என்ன இருந்தது? ரயில் அட்டவணை இருந்தது, அதைப் படித்தாள். தீயணைக்கும் வாளியில் எழுதியிருந்ததைப் படித்தாள், படித்து முடித்து வலமிருந்து இடமாகவும் படித்தாள். ஒரு நாள் குடகு என்ற சொல்லைத் திருப்பிப் படித்தாலும் குடகுதான் என்று கண்டுபிடித்தபோது உடம்பெல்லாம் புல்லரித்துப் போய், டூட்டி முடித்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த மனுஷரை உலுக்கி எழுப்பினாள், அவர் “எந்த வண்டி? எந்த வண்டி?” என்று சட்டையைத் தேடினார். அவர் பேரையும் விடவில்லை, எழுத்து எழுத்தாகப் பிரித்துப் போட்டு அதற்குள் என்னென்ன கிடக்கிறது என்று கிளறினாள். “மாதம் இருக்கு, ஆனா சம்பளத்தைக் காணோம். வேகம்கூட இருக்குதுங்க, பேர்லதான், கால்ல இல்ல.” அவர் கோபித்துக்கொள்ளவே மாட்டார். வண்டியில் யாராவது விட்டுவிட்டுப் போன பத்திரிகை கிடைத்தால் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து கொடுப்பார், மல்லிகைப்பூ வாங்கி வந்து கொடுக்கத் தெரியாத ஆள். அதில் குறுக்கெழுத்துப் போட்டி இருக்கும், பாதியை யாரோ நிரப்பியிருப்பார்கள். யாரோ ஒரு முகம் தெரியாத ஆள் மணியாச்சி வரைக்கும் மண்டையை உடைத்துவிட்டு இறங்கிப் போயிருப்பார், மீதியை இவள் முடிப்பாள். அப்படி எத்தனை பேரோடு சேர்ந்து விளையாடியிருக்கிறாள், எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறாள்! ஒருவர் ‘உயிர் தங்குமிடம்’ என்ற மூன்று கட்டத்தில் கடல் என்று எழுதி வைத்திருந்தார். உடல் ஐயா, உடல் என்று இவள் திருத்தப் போனாள், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தாள், அந்த மனுஷருக்கு உயிர் அங்கேதான் இருந்ததோ என்னவோ, அழிக்க மனம் வரவில்லை. அந்தப் போட்டியை அப்படியே தப்போடு விட்டுவிட்டாள். இப்போது அவளுடைய கட்டங்கள் காலியாகிக்கொண்டு வருகின்றன, எந்த ஸ்டேஷனில் யார் ஏறி வந்து நிரப்பப் போகிறார்கள்?

வீட்டிலும் எதையும் நேராகக் கேட்கிற வழக்கம் கிடையாது. குடை வேண்டுமென்றால், “மழையில விரிஞ்சு நிப்பா, வீட்டுக்குள்ள வந்தா மூலையில நின்னு அழுவா, அவளைக் கூட்டிட்டு வாங்க,” என்பாள். வேதமாணிக்கம் தலையைச் சொறிந்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, வாளியைத் தூக்கிக்கொண்டு வருவார். சிக்னல் கோளாறென்றால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவார், விடுகதை என்றால் ஆள் அவுட். தோற்றால் ஒரு ஸ்டேஷனை அவளுக்குத் தர வேண்டும், அது அவர்களுக்குள் ஒரு சட்டம். “தோத்தேன் சவுந்தரி. கடம்பூரை வச்சுக்கோ.” “கடம்பூர் எப்பவோ என் கைக்கு வந்தாச்சு, வேற குடுங்க.” “அப்ப தாழையூத்து.” ரிட்டையர் ஆகிறபோது மதுரை வரைக்கும் அவளுக்குச் சொந்தம். மகள் பிறந்த பிறகு அவளையும் இதில் இழுத்துக்கொண்டார்கள். விடை சொன்னால்தான் பால், விடை சொன்னால்தான் ரிப்பன். அது அப்பாவைப் போல அல்ல, வாய் மூடுவதற்குள் விடையோடு நிற்கும். இன்றைக்கும் போனில் சவுந்தரி எதையாவது சுற்றி வளைத்துக் கேட்டால் அந்தப் பக்கம் கலகலவென்று சிரித்துவிட்டு விடையைச் சொல்லும், சொல்லிவிட்டு, “நீங்க மாறவே மாட்டீங்கம்மா,” என்னும். மாறமாட்டாளாம்.

எந்தச் சொல் முதலில் போனதென்று அவளுக்குத் தெரியாது, போனது தெரியாமலே எத்தனையோ போயிருக்கும். தெரிந்து போனது தாழ்ப்பாள். போன கிறிஸ்மஸுக்கு முன்னால் சபையில் பெண்கள் கூட்டம், காற்றில் கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது. கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களிடம் அதைப் போடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள், வாய் திறந்தது திறந்தபடி நின்றது, உள்ளே ஒன்றுமே இல்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷம் எப்படி இருந்ததென்று யாரிடமும் சொல்ல முடியாது. அப்புறம் பழக்கம் காப்பாற்றியது. “கதவுக்கு ஒரு கை உண்டு, வான்னு கூப்பிடத் தெரியாது, வராதேன்னு மறிக்க மட்டும் தெரியும், அந்தக் கையைப் பிடிச்சு இழுங்க பார்ப்போம்.” கொல்லென்று சிரிப்பு. தாழ்ப்பாள், தாழ்ப்பாள் என்று நாலு மூலையிலிருந்தும் கத்தினார்கள், சவுந்தரியக்கா சவுந்தரியக்காதான் என்றார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்குப் பிடித்துக்கொண்டாள் அந்தத் தந்திரத்தை. கறிவேப்பிலை போனால் ஒரு விடுகதை, மூக்குக்கண்ணாடி போனால் ஒரு விடுகதை. போட்டால் யாராவது எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தெருவே அவளுக்கு அகராதியாக இருந்தது, தெருவுக்குத் தெரியாது. நிஜ அகராதியும் அலமாரியில் இருக்கிறது, தடித்த புத்தகம், மத்தியானங்களில் மடியில் வைத்துக்கொண்டு படிப்பாள். அச்சில் பார்த்தால் எல்லாச் சொல்லும் தெரிகிறது, எல்லாம் பழகின முகம், வாங்க வாங்க என்று கொஞ்சத் தோன்றுகிறது. மூடிவிட்டால் போச்சு. தொலைந்த ஒன்றை அதில் தேடலாமென்றால் தேடுகிற சொல் முதலில் தெரிந்திருக்க வேண்டுமாமே, எந்த மடையன் கண்டுபிடித்த ஏற்பாடு இது! எங்கே என்று போய்ப் புரட்டுவாள்? அவளுடைய அப்பாவின் அக்கா, அன்னபாக்கியம் அத்தை, கடைசிக் காலத்தில் எல்லாவற்றுக்கும் அது என்றுதான் சொன்னாள். அதை எடுத்து அதுல வை, அது அழுது பாரு, அதைக் கூப்பிடு. அத்தையைச் சுற்றி இருந்த உலகம் முழுவதும் ஒரே பேரோடு இருந்தது. பிள்ளைகளெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், சவுந்தரியும் சிரித்திருக்கிறாள், எல்லாரையும்விட நன்றாக நடித்துக் காட்டியவளே அவள்தான்.

வெங்காயம் தீர்ந்துவிட்டது. இனி உரிக்கிறேன் என்று உட்கார்ந்திருக்க முடியாது. அவள் சுவரைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள், ஆணியில் தொங்குவதைப் பார்த்தாள், கடைசியாக ஒரு தடவை மனசுக்குள் கையை விட்டுத் துழாவினாள். இல்லை. “ஏங்க,” என்றாள், குரலில் விளையாட்டை வரவழைத்துக்கொண்டு. “நல்லதை மடியில வச்சுக்குவா, பொல்லாததைக் காத்துல விடுவா, ஆனைக்காதுக்காரி…” “சுளகுதானே,” என்று எழுந்துவிட்டார் வேதமாணிக்கம். சுளகு. அடேயப்பா, சுளகு! சுளகு சுளகு என்று வாய்க்குள்ளேயே நாலைந்து தரம் உருட்டினாள், எவ்வளவு நல்ல சொல், எவ்வளவு லேசான சொல், இதைப் போயா. அவர் நடந்து போய்ச் சுளகை எடுத்து, ஒரு தட்டுத் தட்டி, “இந்தா சுளகு,” என்று கொண்டுவந்தார். அப்போதுதான் எங்கேயோ ஒன்று இடறியது. அவள் இன்னும் முடிக்கவே இல்லையே, அவளைக் கூட்டிட்டு வாங்க என்று இன்னும் சொல்லவே இல்லையே. தலையைச் சொறியவில்லை, வீட்டைச் சுற்றவில்லை. நேற்றைக்குச் சாவி. அதற்கு முந்தி இஞ்சி. எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று சொன்னாரே. வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிற மனுஷருக்கு இந்த வயசில் எங்கிருந்து வந்தது இந்த மூளை? ஈஸ்டருக்குப் பிறகு ஒரு ஸ்டேஷன்கூடக் கைமாறவில்லை. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது, கொஞ்ச நாளாக அவர் எதைத் தொட்டாலும் அதன் பேரைச் சொல்லிக்கொண்டே தொடுகிறார். இந்தா கரண்டி. சாவியை மாட்டிட்டேன் சவுந்தரி, சாவியை. கிழடு தட்டிவிட்டது, தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அவள்தான் கேலி செய்தாள். நாற்காலியில் கிடந்த செய்தித்தாளைப் பார்த்தாள். அவள் முதல் வெங்காயத்தை எடுத்தபோது எந்தப் பக்கம் விரிந்திருந்ததோ அதே பக்கம்தான்.

நிச்சயம் பண்ணிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, வேண்டாம் போலவும் இருந்தது. சுளகை வாங்காமலே, எதையும் பார்க்காமல், கண்ணை மடியிலேயே வைத்துக்கொண்டு, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றுக்கு ஒரு விடுகதை கட்டினாள். “இன்னொண்ணு சொல்லுங்க. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல படுத்திருப்பாங்க, ஊரு ஊரா சேர்ந்தே போவாங்க, சாகிற வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் தொட்டுக்க மாட்டாங்க. யாரு?” வேதமாணிக்கம் விழித்தார். அவள் முகத்தைப் பார்த்தார், அவள் கண் போகிற இடத்தைத் தேடினார், கண் எங்கேயும் போகவில்லை. சுவரைப் பார்த்தார், முருங்கையைப் பார்த்தார். “பக்கத்து வீட்டுக்காரங்களா?” என்றார். தண்டவாளம். வாழ்நாளெல்லாம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சம்பளம் வாங்கிய ஆளுக்குத் தண்டவாளம் தெரியவில்லை. அவளுக்குத் தொலைந்தது மட்டும்தான் அவருக்குத் தெரிகிறது. அப்படியானால் இத்தனை மாதமும் இந்த மனுஷர் விடுகதையைக் கேட்கவே இல்லை, அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். முதலில் கோபம்தான் வந்தது, தோற்பதற்கென்றே பிறந்த ஆள் இப்போது இரக்கப்பட்டு ஜெயிக்கிறாரா, எனக்கா, என்னிடமா. கோபம் நிற்கக்கூட இல்லை, பின்னாலேயே வெட்கம் வந்தது, அதற்கும் பின்னால் ஐயோ, தனியாக இதைச் சுமந்துகொண்டு இந்த நாற்காலியில் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாரோ என்று நினைப்பு வந்ததும் அவளால் தாங்க முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நிமிர்ந்தாள். அவர் சுளகை மாரோடு பிடித்துக்கொண்டு, தப்புப் பண்ணிவிட்ட பிள்ளை மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது.

அவள்தான் முதலில் போனாள். கேட்டைத் திறந்துகொண்டு, தோளில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மகள் நின்றாள். பஸ் காற்றில் தலையெல்லாம் கலைந்து கிடந்தது. மேல் உதட்டு மச்சம், இடது கை மணிக்கட்டில் சூடுபட்ட தழும்பு, அது கங்கைகொண்டானில் பட்டது, அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்தது, பிறந்தபோது விரல் நகம் எவ்வளவு இருந்தது, அம்மைபோட்டபோது எந்தச் சேலையில் படுத்தது, எல்லாம் இருக்கிறது, ஒன்றுகூடக் குறையவில்லை, சவுந்தரி சிரித்தாள், இரண்டு கையையும் நீட்டினாள், கூப்பிட வாயைத் திறந்தாள். எந்தப் பேரைச் சொல்லி? அந்தப் பேரைத் தேடித் தேடிப் பிடித்தவளே அவள்தான், வேறு யாருக்கும் அந்த ஊரில் அந்தப் பேர் இல்லை, சொல்லிப் பார்த்தால் உதடு இரண்டும் ஒட்டிப் பிரியும், அது தெரிகிறது, உதடு ஒட்டுகிறது, ஒட்டியது ஒட்டியபடி நிற்கிறது. ஐயோ இது வேண்டாம், இதை விட்டுவிடு, சுளகை எடுத்துக்கொள், அகராதி முழுவதையும் எடுத்துக்கொள், கடவுளே, இதை மட்டும். “பியூலா!” என்று பின்னாலிருந்து ஒரு சத்தம். “பியூலா வந்தாச்சு! வாம்மா பியூலா, பியூலா வந்துட்டா பாரு சவுந்தரி!” வேதமாணிக்கம் ஓடி வந்துகொண்டிருந்தார், மூச்சு வாங்கியது, கையில் இன்னும் அந்தச் சுளகு இருந்தது. “வாட்டி பியூலா,” என்றாள் சவுந்தரி.

மகள் சிரித்தாள். “என்னப்பா இது, தெருவே கேக்கிற மாதிரி! பாப்பான்னு கூப்பிடாம புதுசா பேரெல்லாம் சொல்லுதீங்க?” பிறந்த நாளிலிருந்து அவருக்கு அவள் பாப்பாதான், சபைக் கோவிலில் அவள் கல்யாணத்தன்று போதகர் ஐயர் மணமகள் பேரைக் கேட்டதற்கும் பாப்பா என்று சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்த ஆள். “சும்மாதான்,” என்றார் இப்போது. “சும்மா கூப்பிட்டேன்.” பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் எங்கெங்கேயோ போயிற்று. சவுந்தரி அவரைத் திரும்பிப் பார்த்தாள், வேர்த்து ஒழுகுகிற அந்த முகத்தைப் பார்த்தாள், இனி இவரை ஓடவிடக் கூடாது என்று தோன்றியது.

“எனக்காகச் சொன்னாங்க,” என்றாள். “உன் பேரு எனக்கு வரல. கொஞ்ச நாளாவே ஒண்ணொண்ணா வரமாட்டேங்கு.”

பியூலா பையை ஆட்டிக்கொண்டு கலகலவென்று சிரித்தாள். “ஆரம்பிச்சிட்டீங்களா! காலைக் கழுவக்கூட விடமாட்டீங்களே. சரி சரி, போடுங்க விடுகதையை. நான் யாரு, எனக்கு எத்தனை எழுத்து?”

சவுந்தரி எதிரே நிற்கிற அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“விடுகதை இல்ல பாப்பா,” என்றார் வேதமாணிக்கம்.

பியூலா சிரிப்பை இன்னும் எடுக்காமலே அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.